சாவி உங்கள் கையில் இருக்கட்டும்!

சமையலறை விபத்துகளைப் பற்றி இந்தப் பகுதியில் நிறையவே பேசிவிட்டோம். காஸ் டியூப், குக்கர் வால்வு, வழுக்கும் குளியலறை எல்லாம் ஆயிற்று. இந்தத் தடவை கொஞ்சம் வாசல் பக்கம் வருவோமா?

"வாசல்ல நமக்கென்ன வேலை? கார் விஷயமெல்லாம் அவர் பாடு, பையன் பாடு" என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரிகளே. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பது யார்? நம் வீட்டுக்காரர், அல்லது நாம் பெற்ற பிள்ளை. அந்த நேரத்தில் போர்டிகோவில் பந்து உருட்டி விளையாடுவது யார்? நம் குழந்தை. அப்புறம் எப்படி அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகும்?

முன்பெல்லாம் காருக்கு ஆயில் மாற்ற வேண்டுமானால் ஒர்க் ஷாப்புக்குத்தான் போவார்கள். இப்போது கைபேசியில் வீடியோ பார்க்கிறார்கள், வீட்டுக்கே ஒரு ஜோடி ராம்ப் வரவழைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தாங்களே இறங்கிவிடுகிறார்கள். அமெரிக்கா போன பிள்ளைகள் அங்கே இதைச் செய்து பழகிவிட்டு, லீவில் வந்தால் அப்பாவுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். கூலி மிச்சம், என்ன ஆயில் ஊற்றினோம் என்பதும் கண்ணால் பார்த்ததாகிறது. எங்கள் வீட்டிலும் இது நடக்கிறது. எனவே "வேண்டாம்" என்று நான் சொல்லப் போவதில்லை. எப்படி என்று தெரிந்து செய்யட்டும், நாமும் தெரிந்துகொண்டு பக்கத்தில் இருப்போம் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் முதலில். கார் புதிது, கம்பெனியின் வாரண்டி இன்னும் இருக்கிறது என்றால், வீட்டில் கை வைக்கும் முன் வாரண்டி புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். ஆயில் மாற்றியதற்குக் கம்பெனி சர்வீஸ் பில் கேட்பார்கள். பாட்டரியில் ஓடும் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் என்ஜின் ஆயில் கிடையாது!

ஆயில் ஏன் மாற்ற வேண்டும்?

வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் என்ன ஆகிறது? கறுத்து, கெட்டியாகி, அடியில் கசண்டு தங்குகிறது இல்லையா? என்ஜின் ஆயிலும் அப்படித்தான். சூட்டில் காய்ந்து காய்ந்து, கரியும் நுண்ணிய இரும்புத் துகளும் சேர்ந்து, வழவழப்புத் தன்மையை இழந்துவிடுகிறது. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இதில் எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்லியிருப்பார்கள். சின்னக் காருக்கு மூன்றிலிருந்து மூன்றரை லிட்டர் போல பிடிக்கும். சரியான அளவு, என்ன ரக ஆயில் (5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றெல்லாம் எழுதியிருக்கும்) என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கடைக்காரர் சொல்வதை விட அந்தப் புத்தகம் சொல்வதுதான் வேதவாக்கு.

ஜாக்கி வேறு, ராம்ப் வேறு

இதைத்தான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காரின் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஒரு ஜாக்கி இருக்கும். அது பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற பத்து நிமிஷ வேலைக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அதில் காரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவர் அடியில் நுழையவே கூடாது. உள்ளங்கை அகலத் தலையில் கார் நிற்கிறது! அடியில் இருக்கிற போல்ட்டை ஸ்பேனர் போட்டு 'தம்' பிடித்து இழுக்கும்போது கார் லேசாக ஆடினால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும்.

"கூடவே செங்கல் அடுக்கியிருக்கோம்மா, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். விடாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நிற்கிற வரை நிற்கும். உடைந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் தூளாகிவிடும். பழைய அம்மிக்கல், மரக்கட்டை அடுக்கு இதெல்லாமும் வேண்டாம்.

ராம்ப் என்பது சாய்தளம். இரண்டு துண்டு. கெட்டியான பிளாஸ்டிக்கிலும் வருகிறது, இரும்பிலும் வருகிறது. காரின் முன் சக்கரங்கள் இரண்டும் அதன்மேல் ஏறி, மேலே இருக்கிற தட்டையான பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் ஆறு, ஏழு அங்குலம் உயர்ந்து நிற்கும். கார் தன் சொந்தச் சக்கரங்களிலேயே நிற்பதால்தான் இது ஜாக்கியைவிட உறுதியானது. ஆனால் அதுவும் சரியான ராம்ப், சரியான தரை, சரியான கட்டை மூன்றும் இருந்தால்தான்.

வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்தக் கணக்கு ஒரு துண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் பாருங்கள். ஸ்விஃப்ட் போன்ற சின்னக் கார் ஏறக்குறைய 900 கிலோ, இன்னோவா மாதிரிப் பெரிய வண்டி 1,600 கிலோவுக்கும் மேல். என்ஜின் முன்னால் இருப்பதால் பாதிக்கு மேற்பட்ட பாரம் முன் சக்கரங்களில்தான் இறங்கும். டயரைவிட ராம்ப் குறுகலாக இருக்கக் கூடாது. தச்சரிடம் பலகை வெட்டச் சொல்லி வீட்டிலேயே செய்துகொள்வது, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வது இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் உபயோகிக்கும் முன் விரிசல், துரு, நெளிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் ராம்பில் நம்பிக்கை வைக்காதீர்கள். நம் பிளாஸ்டிக் வாளி வெயிலில் கிடந்து எப்படிப் பொடிகிறது என்று நமக்குத் தெரியாததா?

தரையைப் பாருங்கள்

நம் வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். போர்டிகோவில் பளபளவென்று டைல்ஸ் அல்லது கிரானைட் போட்டிருப்போம். பெரும்பாலான கார்களில் முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. அந்தச் சக்கரம் ராம்பைத் தொட்டதும் அதைத் தள்ளப் பார்க்கும். வழுக்குத் தரையானால் கார் ராம்ப்மேல் ஏறுவதற்குப் பதிலாக ராம்ப் சறுக்கிக்கொண்டு முன்னால் ஓடும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. வாசல் தெளித்த ஈரம் காயவில்லை. ஒரு பக்கத்து ராம்ப் மட்டும் வழுக்கிப் போய்ச் சுவரில் மோத, கார் ஒருக்களித்து இறங்கி முன் பம்பர் பிளந்துவிட்டது. அந்த வீட்டம்மாள் குழந்தைகளை உள்ளே அனுப்பிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். காருக்கு எதிரில் ஒருவரும் இல்லை. போனது பம்பர் மட்டும்தான். சுவருக்கும் காருக்கும் நடுவே யாராவது நின்றிருந்தால்? நினைக்கவே உடம்பு பதறுகிறது.

சிமெண்டுத் தரைதான் உத்தமம். டைல்ஸ் தவிர வேறு இடம் இல்லையென்றால், ராம்புக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் விரிக்க வேண்டும். சாக்கு, பழைய பாய், அட்டை இவை போதாது, அவையே வழுக்கும். தரையில் ஈரம், கோலமாவு, மணல், சிந்திய எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. மண் தரை, புல் தரை, வெயிலில் இளகுகிற தார் ரோடு ஆகாது. ஒரு பக்கம் அமுங்கிவிடும்.

தரை மட்டமாக இருக்கிறதா என்பதும் முக்கியம். மழைத் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று போர்டிகோவைத் தெருப் பக்கம் சாய்த்துத்தான் கட்டுவார்கள். சந்தேகமாக இருந்தால் குழந்தையின் கோலிக்குண்டு ஒன்றைத் தரையில் வையுங்கள். தானாக ஓடினால் அந்த இடம் வேண்டாம். கேட்டுக்கு வெளியே தெருவுக்கு இறங்குகிற சரிவில் ராம்ப் வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஏற்றும்போது

இரண்டு ராம்பையும் சக்கரங்களுக்கு நேர் எதிரே, ஒட்டினாற்போல, ஒன்றுக்கொன்று கோணாமல் வைக்க வேண்டும். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். தாழ்ந்த பம்பர் உள்ள காராக இருந்தால் அது முதலில் ராம்பில் இடிக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகச் செய்கிற வேலையே இல்லை இது. சொல்பவர் நீங்களாக இருந்தால் எங்கே நிற்பீர்கள்? காருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பக்கவாட்டில், ஏழெட்டு அடி தள்ளி, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். "வா, வா" என்று கூச்சல் போடுவதைவிடக் கைச் சைகை நல்லது. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கார் ஊர்ந்துதான் ஏற வேண்டும். சக்கரம் உச்சியிலுள்ள பள்ளத்தில் இறங்கியதும் லேசாகத் 'தொம்' என்று ஓர் அசைவு தெரியும். அதற்கு மேல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முனைத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிடும். இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

அடுத்தது வரிசையாக: ஹேண்ட் பிரேக்கை முழுக்கப் போட்டு, என்ஜினை நிறுத்தி, முதல் கியரில் விட வேண்டும். ஆட்டோமாட்டிக் வண்டியானால் 'பி'யில் வைக்க வேண்டும். பிறகு, தரையில் இருக்கும் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்திருப்பதால் கார் பின்னோக்கித்தான் ஓடப் பார்க்கும். ஆகவே பின்னால் வைக்கிற கட்டை ரொம்ப அவசியம். லாரி க்ளீனர்கள் வண்டி நின்றதும் முதல் காரியமாகக் குதித்துக் கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்களே! புதுக் காருக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க நாம் மறக்கிறோமா? இந்தக் கட்டையையும் அப்படி ஒரு சாஸ்திரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதனால் முன்பக்கத்தை உயர்த்தும்போது அது உதவும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் பிரயோஜனம் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பக்கத்தில் நின்று காரைக் கையால் அழுத்தி ஆட்டிப் பார்க்க வேண்டும். ராம்ப் நகர்ந்தாலோ முனகினாலோ, இறக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். அவசரமே வேண்டாம்.

சாவி யாரிடம்?

கார் ஏறி நின்றதும் சாவியை வாங்கி உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற கார் என்றால் அந்தச் சாவி காருக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. உள்ளே கொண்டுபோய் பீரோவில் வையுங்கள். அப்பா அடியில் இருக்கும்போது நாலு வயசுக் குழந்தை டிரைவர் சீட்டில் ஏறி "டுர்ர்..." என்று விளையாடினால், அது ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட எத்தனை நேரம் ஆகும்? ஆகவே கார்க் கதவுகளும் பூட்டியிருக்கட்டும்.

குழந்தைகள், நாய்க்குட்டி எல்லாம் வீட்டுக்குள். யாரும் காரில் ஏறவோ, சாய்ந்து நிற்கவோ, டிக்கியில் சாமான் எடுக்கவோ கூடாது. அடியில் ஆள் இருக்கிற அரைமணி நேரமும் நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருங்கள். அடுப்பில் பால் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வராதீர்கள். இரண்டில் ஒன்று பொங்கிவிடும்!

அடியில் வேலை நடக்கும்போது

வெதுவெதுப்பான ஆயில் சுலபமாக இறங்கும். ஆனால் இப்போதுதான் ஓடிவிட்டு வந்த காரின் ஆயில் கொதிக்கிற எண்ணெய்க்குச் சமம். சைலன்சர் குழாயும் சுட்டுவிடும். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டால் சரியாக இருக்கும். கதவு மூடிய கார் ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்கிற விஷவாயு உண்டு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் வேண்டும். மல்லாந்து படுத்தால் துருவும் மண்ணும் நேரே கண்ணில்தான் விழும். வடிகிற ஆயிலைப் பிடிக்கிற தட்டு நாலைந்து லிட்டராவது கொள்ள வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டதா என்று பார்த்து எடுக்க வேண்டும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீறிடும். புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே திருகினால் போதும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும்.

அடுத்து மறக்கக் கூடாத வரிசை: போல்ட்டை மாட்டு, ஃபில்டரை மாட்டு, ஆயிலை ஊற்று, மூடியை மூடு. இத்தனையும் ஆன பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் ஊற்றாமல் என்ஜினைக் கிளப்பினால் சில நிமிஷத்தில் என்ஜினே போய்விடும். நீங்கள் பக்கத்தில் நின்று, "ஊத்தியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!

இறக்கும்போது

ஏற்றுவதில் காட்டிய கவனம் இறக்குவதில் இருக்காது. வேலை முடிந்த அலுப்பு. தட்டு, ஸ்பேனர், துணி எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணுங்கள். காருக்குப் பின்னால் தெரு வரைக்கும் காலியாக இருக்க வேண்டும். முதலில் ஓட்டுபவர் உட்கார்ந்து கால் பிரேக்கை அழுத்திக்கொண்ட பிறகுதான் கட்டைகளை எடுக்க வேண்டும், பக்கவாட்டிலிருந்து எடுங்கள். மெதுவாகப் பின்னால் இறங்கட்டும்.

மட்டத் தரைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் ஓடவிட்டு, சிவப்பு ஆயில் விளக்கு அணைகிறதா, அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்திச் சில நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளவு பார்க்கலாம். ராம்ப்மேல் சாய்ந்து நிற்கும்போது பார்த்த அளவு சரியாக இருக்காது.

கறுப்பு ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் கொட்டக் கூடாது. தென்னை மரத்தடியிலும் கூடாது. ஒரு காரில் ஒரு தடவை மாற்றுகிற பழைய ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர், நல்ல தண்ணீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் கிணறும் போரும் பக்கத்தில்தானே இருக்கின்றன? நம் நாட்டிலும் 2016-ம் ஆண்டு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. கசியாத கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரித்து அனுப்புகிற ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கரையானுக்கு அடிக்க, சென்டரிங் பலகைக்குத் தடவ என்று கேட்டு வருபவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

குளிர்பான பாட்டிலிலோ சமையல் எண்ணெய் டின்னிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகமாகும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

அந்த ஆயில் அடிக்கடி தோலில் பட்டால் சொறியும் கொப்புளமும் வரும். வருஷக்கணக்கில் பட்டால் தோல் புற்றுநோய்க்கும் இடமுண்டு. கையைப் பெட்ரோலில் கழுவ வேண்டாம். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, கடலைமாவும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும். அந்தத் துணிகளைக் குழந்தைத் துணியோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள். அழுக்குத் துடைத்த கந்தலை அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஆபத்து வந்துவிட்டால்...

வரக்கூடாது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கார் மேலே இறங்கி மார்பை அழுத்தினால் மூச்சுவிட முடியாது, நிமிஷங்கள்தான் கணக்கு. கூச்சலிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் சேவை நடக்கிறது. மற்றவர்கள் காரை ஜாக்கியால் உயர்த்தி, அது மறுபடி இறங்காமல் கட்டை கொடுக்க வேண்டும். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே ஜாக்கியை டிக்கியிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறேன். கை காலைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

கத்தரித்துக் கார் ஷெட்டில் ஒட்டி வைக்க:

1. தரை மட்டமா, காய்ந்திருக்கிறதா?
2. ராம்பில் விரிசல் இல்லையே?
3. காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லையே?
4. ஹேண்ட் பிரேக், கியர், நாலு முட்டுக்கட்டை போட்டாயிற்றா?
5. ஆட்டிப் பார்த்தாயிற்றா?
6. கதவுகள் பூட்டி, சாவி அம்மாவிடம் வந்துவிட்டதா?
7. குழந்தைகள் உள்ளே, ஜாக்கி வெளியே இருக்கிறதா?
8. ஆயில் ஊற்றியாயிற்றா?

எட்டுக்கும் "ஆச்சு" என்று பதில் வந்தால் சந்தோஷம். ஒன்றுக்குக்கூட "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், சாவியைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு ஒர்க் ஷாப்புக்கே போகட்டும். ஆயில் மாற்றும் கூலி போனால் போகிறது.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் துணி உலர்த்துவது பற்றிப் பேசுவோம்.